தலையணை ஊரில் தூக்கம் இல்லை!

திண்டுக்கல் என்ற பெயர் எப்படி வந்தது? ஊரைப் பார்த்தபடி நிற்கும் மொட்டைப் பாறை, சாய்ந்து கொள்வதற்குப் போட்ட திண்டு மாதிரி இருக்கிறது. திண்டு போன்ற கல். அதனால் திண்டுக்கல். ஊரார் இப்படித்தான் சொல்லுகிறார்கள்.

தலையணையின் பெயரைத் தாங்கிய ஊர் அது. ஆனால் கோடை வந்து விட்டால் அந்த ஊர்ப் பெண்கள் பலருக்குத் தூக்கம் இல்லை.

காரணம் கொசு அல்ல. புழுக்கமும் அல்ல. தண்ணீர்!

ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தில் இருந்து திண்டுக்கல்லுக்குத் தண்ணீர் வருகிறது. வைகை ஆற்றில் பேரணையில் இருந்து வருகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருந்தும் வருகிறது. மூன்று பக்கம் இருந்து வந்தாலும், மழை பொய்த்த ஆண்டில் அது போதாது. 2016-ம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில், தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்த மாவட்டங்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் குழாயில் தண்ணீர் வருவது, தெருவில் திருவிழா வருவது மாதிரி.

ஒரே ஒரு வித்தியாசம். திருவிழாவுக்குத் தேதி உண்டு. குழாய்க்குத் தேதி கிடையாது.

யாரும் குழாயைப் பார்க்கவில்லை

ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துப் பாருங்கள். கணவனுக்குத் தோல் ஷாப்பில் வேலை. மனைவி வீட்டைப் பார்த்துக் கொள்கிறாள். இரண்டு குழந்தைகள். வாடகை வீடு. அந்தத் தெருவுக்குக் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"நாளைக்கு வரும்" என்று தண்ணீர் திறந்து விடுகிறவர் சொல்லி விட்டுப் போனார். அன்று இரவு குழாயைத் திறந்து, அடியில் குடத்தை வைத்து விட்டு அவள் படுக்கிறாள். ஒரு மணிக்குக் குழாய் சீறுகிறது. ஓடிப் போய்ப் பார்க்கிறாள். வெறும் காற்று! மூன்று மணிக்கு மறுபடியும் சீறுகிறது. மறுபடியும் காற்று. விடிந்து விடுகிறது. தண்ணீர் வரவில்லை.

மறுநாள் இரவும் இப்படியே. அதற்கு மறுநாளும் இப்படியே. நாலாவது நாள் தண்ணீர் வருகிறது. ஆனால் மேல்வீட்டில் மோட்டார் வைத்து இழுக்கிறார்கள். இவள் குழாயில் நூல் மாதிரி ஒழுகுகிறது.

"மதினி, ரெண்டு குடம் மட்டும் விடுங்களேன்" என்று பக்கத்து வீட்டில் கேட்கிறாள்.

"எங்களுக்கே பத்தலையேம்மா!"

தெருமுனை அடிகுழாய்க்கு ஓடுகிறாள். அங்கே வரிசை. யார் முன்னால், யார் பின்னால் என்று சண்டை. "நேத்து வந்தவளுக்கு மொதக் குடமா?" என்று ஒரு குரல் கேட்கிறது. பதில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து காரணமே இல்லாமல் பிள்ளையை அடிக்கிறாள். பிறகு அவளே உட்கார்ந்து அழுகிறாள்.

இரண்டு மாதத்தில் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. நெஞ்சு படபடக்கிறது. தண்ணீர் வந்து விட்ட இரவிலும் தூக்கம் வருவதில்லை. "நரம்புத் தளர்ச்சி" என்கிறான் கணவன். "கண் பட்டிருக்கு. மந்திரிச்சு கயிறு கட்டணும்" என்கிறாள் மாமியார். மருந்துக் கடைக்காரர் ஒரு டானிக் கொடுக்கிறார். டானிக் புட்டி காலியாகிறது. தூக்கம் மட்டும் வரவில்லை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். யாரும் குழாயைப் பார்க்கவில்லை!

இந்தக் குடும்பம் கற்பனை. ஆனால் இதில் உள்ள துன்பம் கற்பனை அல்ல. ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால், அது அவருடைய பலவீனம் என்றோ, தலையெழுத்து என்றோ சொல்லி விடுவது சுலபம். அவர் குடியிருக்கும் தெரு எப்படிப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

கல்லுக்கு அடியில் பாம்பு

லண்டன் நகரத்து விஞ்ஞானிகள் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். அதன் முடிவு 2016-ம் ஆண்டில் வெளிவந்தது.

45 பேரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். திரையில் கல் தெரியும். அந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுருக்கென்று மின்சாரம் பாயும். ஆபத்து ஒன்றும் இல்லை, வலிக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவர்களுடைய கண்மணி எவ்வளவு விரிகிறது, தோல் எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்தார்கள்.

பாம்பு நிச்சயம் இருக்கிறது, வலி நிச்சயம் வரும் என்று தெரிந்தவர்கள்தான் அதிகம் பதறியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடக்கவில்லை! இருக்குமோ, இருக்காதோ என்று பாதிக்குப் பாதி சந்தேகம் இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போயிற்று. வலி வருவது உறுதி என்றால் மனம் அதற்குத் தயாராகி விடுகிறது. வருமா, வராதா என்ற நிலைமையைத்தான் அதனால் தாங்க முடியவில்லை.

குடத்தோடு காத்திருக்கும் பெண்ணுக்கு இதைச் சொல்ல லண்டன் விஞ்ஞானி தேவையில்லைதான். ஆனாலும் அளந்து சொன்னால் அதிகாரிகள் நம்புவார்கள் அல்லவா?

பொலிவியாவிலும் இதே கதை

தென் அமெரிக்காவில் பொலிவியா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே கோச்சபம்பா என்ற நகரத்தின் ஓரத்தில், பட்டா இல்லாத நிலத்தில் ஏழைகள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அங்கும் தண்ணீர்ப் பஞ்சம். ஆம்பர் வூடிச், கேத்லீன் ராக்ஸ்டேல் என்ற இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் அந்த மக்களின் மனவேதனையை ஆராய்ந்தார்கள். 2008-ம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள்.

தண்ணீர் குறைவாக இருப்பதுதான் வேதனைக்குக் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. தண்ணீரைப் பெறுவதற்குத் தெளிவான முறை இல்லை. இது எனக்கு உரியது என்று கேட்க உரிமை இல்லை. ஒவ்வொரு குடத்துக்கும் யாரிடமாவது கெஞ்ச வேண்டும், பேரம் பேச வேண்டும், கடன்படவேண்டும். இதுதான் மனத்தைத் தின்கிறது என்று கண்டார்கள்.

இந்த முடிவை திண்டுக்கல் வாசகர்கள் இரண்டு தரம் படிக்கலாம். மழை மனிதன் கையில் இல்லை. ஆனால் முறை வைப்பது மனிதன் கையில்தானே இருக்கிறது!

சொந்தக் கிணறு போன கதை

ஒரு காலத்தில் திண்டுக்கல் சமவெளியில் பலருக்குச் சொந்தக் கிணறு இருந்தது. வீட்டுக் கிணற்றில் இறைத்தவள் யாரையும் கெஞ்சவில்லை.

பூட்டு, சுருட்டு, தோல் - இந்த மூன்றும் திண்டுக்கல்லுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தொழில்கள். இதில் தோல் தொழில் ஆயிரக் கணக்கானவர்களுக்குச் சோறு போட்டது. அதை மறந்து பேசக் கூடாது. ஆனால் தோல் பதனிட்ட கழிவு நீர், ஊரைச் சுற்றிப் பல இடங்களில் நிலத்தடி நீரை உப்பாக்கி விட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவர்களே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சொன்ன அந்தப் பிரசித்தி பெற்ற தீர்ப்பு, திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்கும் சேர்த்துத்தான்.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் வாயில் வைக்க முடியாது. "உப்புத் தண்ணி", "நல்ல தண்ணி" என்று இரண்டு குடம் இரண்டு ஜாதியாகி விட்டன. நல்ல தண்ணிக்குக் குழாயை நம்ப வேண்டும், லாரியை நம்ப வேண்டும், அடுத்த வீட்டை நம்ப வேண்டும். கெட்டுப் போனது தண்ணீர் மட்டும் அல்ல. யாரையும் எதிர்பார்க்காமல் இருந்த குடும்பத்தின் நிம்மதியும்தான்.

ஏழ்மைதான் காரணமா?

"அதெல்லாம் சரி. ஏழைகளுக்குக் கவலை இருக்கத்தானே செய்யும்? தெருவின் மேல் ஏன் பழி போட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 1994-ம் ஆண்டில் தொடங்கி, நியூயார்க், சிகாகோ முதலிய 5 நகரங்களில், மிகவும் ஏழ்மையான பகுதிகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டு விழுந்த குடும்பங்களில் சிலவற்றுக்கு, ஏழ்மை குறைந்த தெருக்களுக்குக் குடிபோக வாடகை உதவி கிடைத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். குடிபோனவர்களின் வருமானம் கூடவில்லை! ஆனால் பெரியவர்களின் மனம் தேறியிருந்தது. சோர்வும் ஏக்கமும் குறைந்திருந்தன. சட்டைப் பையில் அதே பணம்தான் இருந்தது. மாறியது தெரு மட்டும்தான்.

இந்தச் சோதனைக்கு மறுபக்கமும் உண்டு. அதே குடும்பங்களில் பெண் பிள்ளைகள் தேறினார்கள். ஆண் பிள்ளைகள் தேறவில்லை. சில விஷயங்களில் அவர்கள் நிலைமை மோசமானது. எனவே, ஜனங்களை மூட்டை கட்டி வேறு இடத்துக்கு அனுப்பி விட்டால் எல்லாம் சரியாகி விடும் என்று எண்ணக் கூடாது. சென்னையில் 2000-ம் ஆண்டில் இருந்து ஆயிரக் கணக்கான குடும்பங்களை நகரின் நடுவில் இருந்து கண்ணகி நகருக்கு மாற்றினார்கள். கூரை கிடைத்தது. வேலைக்குப் போகும் தூரம் கூடியது. பழைய அண்டை வீட்டாரும் போனார்கள். ஆட்களை மாற்றுவதை விட, ஆட்கள் இருக்கும் தெருவை மாற்றுவது நல்லது. செலவும் குறைவு.

ஆண்கள் எங்கே போகிறார்கள்?

இதுவரை பெண்களைப் பற்றியே பேச்சு. ஆண்களுக்குக் கவலை இல்லையா? உண்டு. அதைக் கொண்டு போய்க் கொட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு கடை இருக்கிறது!

2003-ம் ஆண்டில் இருந்து தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்பது அரசாங்கத்தின் டாஸ்மாக் நிறுவனம்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் மதுக் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. சாலை ஓரத்துக் கடைகளை, குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் கொண்டு வர முயன்றார்கள். 2017-ல் தமிழ்நாடு முழுவதும் பெண்கள் தெருவில் இறங்கி மறித்தார்கள். அவர்களுக்கு எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் தேவைப்படவில்லை. தெருவுக்குள் சாராயக் கடை வந்தால் வீட்டுக்குள் எது வரும் என்று அவர்களுக்குத் தெரியும். குடத்துக்குக் காத்திருப்பது போலவே, "இன்றைக்கு எப்படி வருவாரோ!" என்று கதவைப் பார்த்துக் காத்திருப்பதும் இருக்கிறதே! அதிலும் அதே பாம்பு, அதே கல்.

சுவருக்கு அந்தப் பக்கம்

முறை வைத்தாலும் சிலருக்கு முறை வராது. ஜாதி அப்படி.

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, மதுரை மாவட்டத்தில் உத்தபுரம் என்று ஓர் ஊர். அங்கே தாழ்த்தப்பட்டவர்கள் குடியிருப்பைப் பிரித்து 1989-ல் ஒரு சுவர் எழுப்பினார்கள். 2008 மே 6-ந் தேதிதான் அதில் ஒரு பகுதியை அதிகாரிகள் இடித்தார்கள். 19 ஆண்டுகள்! சுவர் எழுந்த ஆண்டில் பிறந்த குழந்தை, கல்லூரிக்குப் போகும் வயது வரை அந்தச் சுவரைப் பார்த்தே வளர்ந்தது. "நீ இந்தப் பக்கம் வராதே" என்று தினமும் ஒரு சுவர் சொல்லிக் கொண்டே இருந்தால், அந்தப் பிள்ளையின் மனம் என்ன ஆகும்? இதற்கு எந்த டாக்டர் டானிக் எழுதிக் கொடுப்பார்?

கல்லால் கட்டாத சுவர்கள் பல ஊர்களில் இருக்கின்றன. யார் வீட்டுக் குழாயில் யார் பிடிக்கலாம் என்பதில்தான் அவை முதலில் தெரியும்.

ஒரு கரும்பலகை போதும்

தெருவுக்கு வைத்தியம் என்றதும் கோடிக் கணக்கில் திட்டம் போட வேண்டும் என்று பயப்பட வேண்டாம். முதல் மருந்து ஒரு கரும்பலகை.

எந்தத் தெருவுக்கு, எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர்? தெருமுனையில் எழுதிப் போட வேண்டும். எட்டு நாளைக்கு ஒரு தரம்தான் தர முடியும் என்றால் அதையே எழுதட்டும். ஜனங்கள் தாங்கிக் கொள்வார்கள். சொன்ன நாளில் வர முடியாவிட்டால், அதையும் முன்கூட்டியே எழுதட்டும். மற்ற ஏழு இரவுகளும் ஒரு பெண் தூங்கலாம் அல்லவா? ஒரு சாக்குக்கட்டி என்ன விலை!

அடுத்தது, அடிகுழாய்க்கு முறை. புதிதாகக் குடிவந்தவருக்கும் அதில் இடம் உண்டு என்று தெருவே கூடி முடிவு செய்ய வேண்டும். மோட்டார் வைத்து இழுப்பவர் பெரிய மனிதராக இருந்தாலும் மோட்டாரைப் பறிமுதல் செய்ய வேண்டும். இதில் தாட்சண்யம் காட்டினால் கரும்பலகை வெறும் அலங்காரமாகி விடும்.

இதைக் கேட்க இடம் இருக்கிறது. திண்டுக்கல் 2014-ல் மாநகராட்சி ஆயிற்று. 48 வார்டுகள். 2022-ம் ஆண்டு விதிகளின்படி வார்டுக் குழுவும் பகுதி சபையும் உண்டு. கிராமங்களில் ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை கூட வேண்டும்; அதில் மார்ச் 22-ந் தேதி உலகத் தண்ணீர் தினம். இந்தக் கூட்டங்களுக்கு ஆண்களே போய், பொன்னாடை போர்த்திக் கொண்டு திரும்பி வந்தால் பிரயோசனம் இல்லை. குடம் தூக்குகிறவர்கள் போக வேண்டும்.

குப்பை மேடுகளையும் விட்டு விடக் கூடாது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 541 காலிமனைகளை எடுத்துக் கொண்டு சோதித்தார்கள். சில மனைகளில் குப்பையை அள்ளி, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, சின்ன வேலி போட்டார்கள். 2018-ல் முடிவு வந்தது. அந்த மனைகளின் அருகில் குடியிருந்தவர்களில், மனச்சோர்வாக இருக்கிறது என்று சொன்னவர்கள் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். குப்பையை மட்டும் அள்ளிய மனைகளின் பக்கத்தில் அவ்வளவு பலன் இல்லை. அள்ளினால் போதாது, பச்சையாக ஒன்று கண்ணில் பட வேண்டும் போலும்!

பாட்டிமார் பெஞ்சு

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் மனநல டாக்டர்கள் மிகக் குறைவு. டிக்சன் சிபாண்டா என்ற டாக்டர் 2006-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். ஹராரே நகரத்தில் ஒரு ஏழைப் பேட்டையில் 14 பாட்டிமாரைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரப்பெஞ்சு. மனம் நொந்தவர்கள் அதில் வந்து உட்காருவார்கள். பாட்டி பொறுமையாகக் கேட்பார். பல தொல்லைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, "இதற்கு என்ன செய்யலாம்?" என்று கூடவே யோசிப்பார்.

அந்த ஊர்ப் பாஷையில் இந்த நோய்க்குப் பெயர் "கூஃபுங்கிசிசா". "அளவுக்கு மீறி யோசிப்பது" என்று அர்த்தம். "எந்நேரமும் என்னத்தையோ யோசிச்சுக்கிட்டே இருக்கா" என்று திண்டுக்கல் பக்கத்தில் சொல்வதில்லையா? அதேதான்!

பலன் உண்டா? 573 பேரை வைத்துச் சோதித்து, 2016-ல் முடிவு சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 50 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பாட்டிமார் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான் இருந்தது.

திண்டுக்கல் தெருக்களில் பாட்டிமாருக்குப் பஞ்சம் இல்லை. திண்ணைக்குத்தான் பஞ்சம். திண்ணையை இடித்து இரும்புக் கதவு போட்டு விட்டார்கள். பூட்டு உள்ளூரிலேயே கிடைக்கிறது!

பக்கத்து வீட்டார் மூலம் சுகாதார வேலை செய்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம், சின்னாளபட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. 1959-ல் அங்கே ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் ஆரம்பித்து, ஆத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் குடும்ப நலத்தைப் பரப்பினார்கள். பேசக் கூச்சப்படுகிற அந்த விஷயத்தையே, உள்ளூர் மனிதர்கள் மூலம் வீடு வீடாகப் பேச வைத்து விட்டார்கள். மனவேதனையைப் பேச வைக்க முடியாதா? இப்பொழுது ஊர் தோறும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கூடுகின்றன. வட்டிக் கணக்கு முடிந்த பிறகு அரை மணி நேரம் மிச்சம் இருக்கும்.

டாக்டரிடம் எப்போது?

தண்ணீர் கொடுத்தால் எல்லா மனநோயும் தீர்ந்து விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். காதில் இல்லாத குரல் கேட்கிறது என்பவருக்கும், சாக வேண்டும் என்று பேசுகிறவருக்கும் டாக்டர் தேவை, தாமதம் கூடாது. கோவிலிலோ, தர்காவிலோ கட்டிப் போட்டால் தெளியும் என்று நம்பியதன் பயனை 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் நாடு பார்த்தது. காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியவில்லை. 25 பேருக்கு மேல் கருகி இறந்தார்கள்.

2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் குறை இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம். இரவு மூன்று மணிக்கு, குழாய் சீறும் நேரத்திலும் எடுப்பார்கள்.